நிப்பாட்டிய பிறகும் நிற்காத குளிசை

ஓய்வு பெற்ற மருந்தாளருக்கு ஊரில் மிஞ்சுவது ஒரே ஒரு பெருமைதான். மருந்து விஷயத்தில் மற்றவர்களுக்கு வருகிற குழப்பம் அவருக்கு வராது என்று எல்லாரும் நம்புவார்கள். எனக்கு அதுவும் சென்ற மாதத்தோடு போயிற்று.

என் சலத்தில், அதாவது சிறுநீரில், புரதம் போகிறதாம். கணுக்காலில் கொஞ்சம் வீக்கம் என்று காட்டப் போன இடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். டொக்டர் ஒரு புதுக் குளிசை எழுதினார். டபாகிளிஃப்ளோசின் என்று பெயர். அதை வாயில் போட்டுக்கொண்டு பெயரைச் சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிப்பதற்குள் கரைந்துவிடும். உத்தியோக காலம் முழுவதும் நான் உள்ளே நின்ற அதே பார்மசி ஜன்னலுக்குப் போய், இந்தத் தடவை வெளியே நின்று மருந்துத் துண்டை நீட்டினேன். உள்ளே சுகந்தினி. எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளை, இப்போது அந்த ஜன்னலுக்கு அவள்தான் பொறுப்பு.

குளிசைப் பக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். என்னை அறியாமலே வாய் திறந்தது.

"பிள்ள, இது சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற குளிசைதானே? எனக்குச் சீனி இல்லயே. என்னத்துக்கு இதத் தாறீங்க?"

உள்ளே மருந்து எண்ணிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். சுகந்தினி ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள்.

"சேர், நீங்களுமா! இந்தக் கேள்வியக் கேக்கிற ஆக்களுக்கு நீங்க முந்தி என்ன மறுமொழி சொல்லுவீங்க எண்டு நினைவிரிக்கா?"

நினைவிருந்தது. என் காலத்தில் இதே வேலைக்கு லொசார்டன் கொடுத்தோம், இன்றும் கொடுக்கிறார்கள். அது பிறசருக்கு, இரத்த அழுத்தத்துக்கு, குடுக்கிற குளிசையாகப் பேர் எடுத்தது. சிறுநீரகத்தால் புரதம் ஒழுகுகிறவர்களுக்கு, பிறசர் இல்லாவிட்டாலும் அதை எழுதுவார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும், "எனக்குப் பிறசர் இல்லயே சேர்" என்பார்கள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "குடைய மழைக்கு மட்டுமா பிடிக்கிறீங்க? வெயிலுக்கும் பிடிக்கிறதானே?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் ரசித்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவ்வளவு அறிவாளி.

"அப்ப உங்களுக்கும் குடைக்கதைய நான் சொல்லவா சேர்?" என்றாள் சுகந்தினி.

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த வெட்கத்தோடு திரும்பும்போதுதான், மருந்தாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். "உங்களுக்கு ஆகக் குழம்பின கேஸ எழுதுங்க சேர்" என்றாள். குழப்பம் என்றால் என்னிடம் தட்டுப்பாடு கிடையாது. அதிலும் பெரிய குழப்பம் காத்தான்குடி முனாஸின் குளிசைதான். (முனாஸ் அவருடைய பெயர் அல்ல.)

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு பந்தி. பிறந்தது பழுகாமத்தில். வட்டைக்குக் காவலுக்கு அனுப்பினால், யானை வந்து வயலை மிதித்துவிட்டுப் போன பிறகு எழும்புகிற ஆள் நான். இவனை நம்பி வேளாண்மை செய்ய ஏலாது என்று அப்பா படிக்க வைத்தார். பயிற்சிக் காலத்தில் எனக்கு மறக்காதது ஒன்றுதான்: சலத்தைக் கொதிக்க வைப்பது. பயிற்சிக்குப் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடம் இல்லை, அந்த வேலையும் எங்கள் தலையில்தான். கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு சலம். அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். மேலே வெள்ளையாகக் கலங்கினால் உடனே புரதம் என்று துள்ளக்கூடாது. அசற்றிக் அமிலம் ஓரிரு துளி விட வேண்டும். கலங்கல் கரைந்தால் அது வேறு உப்பு. கரையாமல் நின்றால் புரதம். அவித்த முட்டை வெளுக்கிற மாதிரித்தான். குழாயின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடி என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் என்னைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தேன். அன்று பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் யாருமே உட்காரவில்லை.

இனி எங்கள் வைத்திய நிபுணர். ஆஸ்பத்திரி முழுக்க அவரைப் பெரிய மிஸ் என்றுதான் சொல்லும். உயரம் என் தோள் வரைக்கும்தான். குரல் அதற்கும் கீழே. அவர் பேசினால் கிளினிக்கில் காற்றாடியை நிறுத்துவார்கள். நோயாளி றிப்போட்டை நீட்டினால் வாங்கி, கவிழ்த்து மேசையில் வைப்பார். முதலில் குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்துவார். எடுத்த பிறகு அந்தக் குழி மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே, "நேத்து ராவைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பார். நோயாளி சொல்லச் சொல்ல, "பிறகு?" என்பார். இன்னும் சொன்னால் இன்னொரு "பிறகு?" அந்த இரண்டாவது பிறகுக்குத்தான் உண்மை வெளியே வரும். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பேனாவை மூடுவார். மூடி 'டிக்' என்று விழும் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் எங்கள் சட்டைப் பொத்தானைச் சரி பார்ப்போம்.

லொசார்டன் எப்படிப் புரதத்தைக் குறைக்கிறது என்று எனக்கு விளங்க வைத்தவரும் அவர்தான். நான் ஒரு நாள் குடைக்கதையை அவருக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். சிரிக்கவில்லை.

"குடையெல்லாம் வேணாம். தேங்காய்ப்பால் வடிச்சிருக்கிறீங்களா?"

"மனிசி வடிக்கிறதப் பாத்திருக்கிறன் மிஸ்."

"துணியில போட்டு இறுக்கிப் பிழிஞ்சா பாலோட பூவும் வந்திடும். சிறுநீரகத்தில நடக்கிறதும் அதுதான். துணியும் பழுது, பிழியிற கையும் பலம். இந்தக் குளிசை பிழியிற கையத் தளர்த்துது. கை தளர்ந்தா புரதம் வாறது குறையும். ஆனா கை தளர்ந்தா பாலும் குறையும்தானே? அதால தொடக்கத்தில இரத்தத்தில கழிவு ஒள்ளுப்பம் ஏறும், பொட்டாசியமும் ஏறலாம். ஒள்ளுப்பம் ஏறினாப் பயப்பிடப்படாது. கனக்க ஏறினா விடப்படாது."

"எவ்வளவு ஏறினா ஒள்ளுப்பம் மிஸ்?"

"அதுக்குத்தான் இரத்தம் எடுக்கிறம்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் காலை அழுத்தப் போய்விட்டார். எனக்கு விளங்கியது பாதி. மீதிப் பாதியை முனாஸ் வந்து குழப்பினார்.

முனாஸ் சவூதியில் இருந்து லீவில் வந்து கலியாணம் முடித்தவர். திரும்பிப் போவதற்கு மெடிக்கல் எடுத்த இடத்தில், சலத்தில் புரதம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆளைப் பார்த்தால் வருத்தக்காரர் என்று சொல்லமாட்டீர்கள். பிறசர் இல்லை, சீனி இல்லை. பெரிய மிஸ் லொசார்டன் எழுதினார். ஜன்னலுக்கு வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முகத்தைக் கம்பிக்குள் நுழைக்காத குறையாகச் சொன்னார்.

"சேர், இத ஊட்டுக்குக் கொண்டுபோக ஏலாது."

"ஏன் தம்பி, குளிசை கடிக்குமா?"

"மாமியாக்களுக்குத் தெரியா சேர். விசா பிந்துது எண்டு சொல்லி வச்சிருக்கன். கலியாணம் முடிச்சு மாசம் ரெண்டு கூட இல்ல. வருத்தக்காரனத் தலையில கட்டிட்டாங்க எண்டு நினைப்பாங்க. இனி உம்மா வந்து மருந்து எடுப்பாங்க."

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அப்படித்தான் பழுகாமத்தில் இருந்து கல்லடிக்குப் போனவன். புது மருமகன் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி. தும்மினால் கூட மாமி குசினியில் இருந்து எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டில் குளிசைப் பக்கெட்டை எங்கே ஒளிப்பது?

ஆகவே ஏற்பாடு இதுதான். உம்மா மாதாமாதம் கிளினிக் கொப்பியோடு வந்து மருந்து எடுப்பார். குளிசை உம்மா வீட்டில் இருக்கும். முனாஸ் ஒவ்வொரு நாள் காலையிலும், "உம்மாவப் பாத்துட்டு வாறன்" என்று போய் அங்கே விழுங்குவார். உம்மாவுக்கு இதில் ரகசியமாக ஒரு சந்தோஷமும் உண்டு. கலியாணம் முடித்துக் கொடுத்த மகன் தினமும் வீட்டுக்கு வருகிறாரே.

"புள்ள மெலிஞ்சிட்டான் சேர்," என்பார் ஜன்னலில். "மாமிட கறியில உப்பே இல்லயாம். எப்பிடிச் சாப்பிடுறது? நான் காலையில ரெண்டு துண்டு கருவாடு பொரிச்சுக் குடுக்கிற."

"உம்மா, உப்பு இந்த வருத்தத்துக்கு ஆகாது. இந்தக் குளிசைட வேலையவும் அது கெடுக்கும்."

"ரெண்டு துண்டுதானே சேர்."

சில மாதங்கள் போயும் புரதம் பெரிதாக இறங்கவில்லை. பெரிய மிஸ் குளிசையின் அளவைக் கூட்டினார். அடுத்த றிப்போட்டில் புரதம் சரிந்து விழுந்திருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் ஏதோ என் கையால் செய்த குளிசை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் முனாஸ், உதவிக்கு நின்ற தன் மச்சானின் துணிக்கடையில் மயங்கி விழுந்தார். வாங்க வந்தவருக்கு இடுப்பில் கட்டும் சாரம் எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றவர், சாரத்தோடேயே சரிந்துவிட்டார். (மாமி வீட்டுக்கு வெயில் மயக்கம் என்று சொல்லிவைத்தார்.) கொண்டுவந்து பார்த்தால் பிறசர் பாதாளத்தில். இரத்தத்தில் கழிவு ஏறியிருந்தது. ஒள்ளுப்பம் இல்லை, கனக்க. பொட்டாசியமும் அப்படித்தான். பெரிய மிஸ் லொசார்டனை உடனே நிப்பாட்டினார். உம்மாவைக் கூப்பிட்டு மிச்சக் குளிசை முழுவதையும் திருப்பித் தரச் சொன்னார். உம்மா பக்கெட்டோடு கொண்டுவந்து தந்தார். நானே எடுத்து வைத்தேன்.

இனிப் பிறசர் ஏற வேண்டும், கழிவு இறங்க வேண்டும், புரதம் பழையபடி கூட வேண்டும். பாடம் அப்படித்தான் சொல்கிறது. அடுத்த கிழமை றிப்போட் வந்தது. பிறசர் ஏறவில்லை. கழிவு இறங்கவில்லை. புரதம் கூடவில்லை. மருந்தை நிப்பாட்டிவிட்டோம், மருந்து நிற்கவில்லை.

அந்தக் கிழமை நான் போட்ட கணக்குகளைச் சொன்னால் என் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். முதலில் ஆய்வுகூடத்தில் போத்தல் மாறியிருக்கும் என்றேன். திரும்ப எடுத்தார்கள், அதே முடிவு. பிறகு, நாங்கள் கொடுத்ததே வேறு குளிசையோ என்று பயந்துபோய், திருப்பித் தந்த பக்கெட்டை விளக்குக்குப் பிடித்துப் பார்த்தேன். லொசார்டன்தான். அதன் பிறகு செவ்விளநீரில் சந்தேகம், அதில் பொட்டாசியம் இருக்கிறதே. முனாஸ் இளநீர் குடிப்பதில்லையாம், சளி பிடிக்குமாம். கடைசியாக, சில உடம்புகளில் மருந்து தங்கி நின்று வேலை செய்யுமோ என்று பெரிய மிஸ்ஸிடமே போய்க் கேட்டேன்.

"கிழமைக்கணக்கிலயா?"

"இல்லயா மிஸ்?"

பேனா மூடி விழுந்தது. பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அவரும் குழம்பித்தான் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் அதுதான் பயம். "மருந்தால இல்லயெண்டா, சிறுநீரகமே கெதியாப் பழுதாகுது எண்டு அர்த்தம்," என்றார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சிறுநீரகத்தில ஊசி விட்டுச் சதைத்துண்டு எடுத்துப் பாக்கத்தான் வேணும்." முனாஸுக்குச் சொன்னபோது ஊசிக்குப் பயப்படவில்லை. அங்கே போய் வார்டில் படுத்தால் மாமி வீட்டுக்கு என்ன சொல்வது என்றுதான் கேட்டார். பெரிய மிஸ் றிப்போட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்களுக்கு இப்ப சமைக்கிறது ஆர்?"

"மாமி."

"அடுத்த கிளினிக்குக்குச் சமைக்கிறவங்களோட வாங்க. துண்டு எடுக்க அனுப்புறத அதுக்குப் பிறகு பாப்பம்."

அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "கணக்குப் பிழைச்சா மருந்தையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. அந்தக் குளிசை எந்தக் கையில இருந்து எந்த வாய்க்குப் போகுது, அந்த வழியப் பாருங்க." வழியில் உம்மாவின் கை ஒன்றுதானே இருக்கிறது, அதையும் நிப்பாட்டியாயிற்று. எனக்கு எதுவும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் வரிசை முடிந்த நேரம், ஒரு இளம் பெண் ஜன்னலுக்கு வந்தார். கையில் துண்டு இல்லை.

"சேர், ஒண்டு கேட்டா ஏசமாட்டீங்களே?"

"கேட்டுப் பாருங்க மகள். ஏசுறதா இல்லயா எண்டு மறுகா சொல்றன்."

"குளிசையப் பொடியாக்கித் தேத்தண்ணியில கலந்து குடுத்தா தலை சுத்துமா?"

"ஆருக்குக் குடுக்கிறீங்க?"

"மாப்பிள்ளைக்கு." காத்தான்குடியில் புருசனை அப்படித்தான் சொல்வார்கள்.

"அவருக்குத் தெரியாமலா?"

அவர் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளித்தாள் துண்டை எடுத்து ஜன்னலில் வைத்தார். அரசாங்க மருந்துக் குறி போட்ட லொசார்டன். எங்கள் கத்தரிக்கோலால் வெட்டிய துண்டு. கோணலாக வெட்டுவது என் கைதான், எனக்குத் தெரியாதா?

துண்டுதுண்டாகச் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு, கக்கூசில் புருசன் போய்வந்தால் நுரை நிற்கிறதாம். தண்ணீர் ஊற்றினாலும் அடங்காத நுரை. தன்னைப் பெற்ற வாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்து, பிறகு மெஷினில் இரத்தம் சுத்திகரித்து, பிறகு மௌத்தாகி மண்ணுக்குப் போனாராம். புருசனின் சட்டையைக் கழுவும்போது பையில் இந்தத் துண்டு கிடைத்தது. மாப்பிள்ளை முனாஸ்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது; உம்மா ஒரு நாள் வெளியூர் போனபோது அவர் எடுத்துக்கொண்டு போன குளிசை அது என்று பிறகு தெரிந்தது. ஆனால் வீட்டில் அவர் குளிசை விழுங்குவதை ஒரு நாளும் இவர் கண்டதில்லை. ஆகவே, டொக்டர் எழுதிய மருந்தை எடுக்காமல் விட்டுவிட்டார் என்று இவர் முடிவு கட்டினார். வெள்ளித்தாளை மருந்துக் கடையில் காட்டி அதையே வாங்கி, பெரிய மிஸ் அளவைக் கூட்டிய அதே நாட்களில் இருந்து, தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பால்தேத்தண்ணியில் கரைத்துக் கொடுத்து வந்திருக்கிறார். ஒரு மணித்தியாலம் கழித்து அந்த மனிதர் உம்மா வீட்டுக்குப் போய் இன்னொன்றை விழுங்கியிருக்கிறார். இரண்டு வீட்டுப் பாசமும் ஒரே சிறுநீரகத்தில் போய் விழுந்திருக்கிறது.

இப்போதும் காலையில் ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கிறது.

"மகள், இண்டையோட நிப்பாட்டுங்க. அதாலதான் தலை சுத்துது. கூட நாள் குடுத்தா சிறுநீரகம் கெட்டுப்போகும்."

முகம் இறுகியது. "வாப்பாவுக்கும் ஒராள் இப்பிடித்தான் சொன்ன. தலை சுத்துதா, குளிசைய விடுங்க எண்டு. விட்டாரு. மறுகா வாப்பா இல்ல."

"அது வேற, இது வேற."

"எப்பிடி வேற சேர்?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எப்படி வேறு என்று சொல்ல வேண்டுமானால், உங்கள் மாப்பிள்ளை எங்களிடம் வருகிறவர், உம்மா கொடுத்தார், டொக்டர் நிப்பாட்டினார் என்று சொல்ல வேண்டும். அது அவர் ரகசியம். மற்றப் பக்கம் போனால், உங்கள் மனைவி தேத்தண்ணியில் மருந்து கலக்கிறார் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அது இவர் ரகசியம். "அவருக்குச் சொல்லிப் போடாதீங்க சேர், என்ன நினைப்பாரோ" என்று இவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிய நான், பேச வேண்டிய ஒரே நேரத்தில், "டொக்டரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்று மட்டும் சொன்னேன். நிப்பாட்டுவதாக அவர் சொல்லவில்லை. போய்விட்டார்.

பெரிய மிஸ்ஸிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயிற்றோடு எவ்வளவு ஓடலாமோ அவ்வளவு. முழுவதையும் கேட்டார். இரண்டு முறை "பிறகு?" என்றார். சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. கிளினிக் மறுநாள் காலையில். "நாளைக்கு நீங்களும் உள்ள நில்லுங்க," என்றார். "வாயத் திறக்காம."

மறுநாள் முனாஸ், சமைக்கிறவர் என்று சொல்லி உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவங்களா உங்களுக்குச் சமைக்கிறது?"

"ஓம் மிஸ்," என்றார் முனாஸ்.

"பிறகு?"

முனாஸ் கூரையைப் பார்த்தார். உம்மா தரையைப் பார்த்தார். அதற்குள் வாசலில் தாதியோடு யாரோ வாக்குவாதப்படுவது கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய மனுசி உள்ளே வந்தார். பின்னால், முக்காட்டைக் கடித்துக்கொண்டு, நேற்று வந்த பெண். ஜன்னலில் ஒருவர் மருந்தை நிப்பாட்டச் சொன்னதை மகள் போய்ச் சொல்ல, அந்தச் சொல்லைச் சொன்ன டொக்டர் யார் என்று பார்த்துவிடுவோம் என்று கிளினிக் நாளைக் கேட்டறிந்து மாமி புறப்பட்டு வந்திருக்கிறார். மருமகனைக் கதிரையில் கண்டதும் நின்றார். முனாஸ் எழும்பினார். அந்த நேரம் அவர் பிறசரை அளந்திருந்தால் முதல்தடவையாக நல்ல கணக்கு வந்திருக்கும்.

"மாமி... விசா விசயமா..."

"விசாவ விடுங்க மனே. உங்களுக்கு நுரை போறது எனக்குக் கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும். கக்கூசு கழுவிறது ஆர்? எண்ட மௌத்தான மாப்பிள்ளைக்கும் இதுதான், இதோட மாரடிச்சவள் நான்."

"தெரிஞ்சா ஏன் மாமி கேக்கல்ல?"

"ஊட்டுக்கு வந்த மருமகனிட்ட, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு கேக்கிறதா? நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்த. அதுவரைக்கும் எனக்கு ஏலுமானதச் செஞ்ச. கறிக்கு உப்புப் போடல்ல."

உம்மா தலையை நிமிர்த்தினார். "அப்ப அந்த உப்பில்லாக் கறி..."

"வேணுமெண்டுதான்."

"நான் புள்ள பாவமெண்டு கருவாடு பொரிச்சுக் குடுத்தேனே!"

"கருவாடா? காலையிலயா?" மாமி திரும்பிய வேகத்தில் மேசையில் இருந்த காகிதம் பறந்தது. "நான் உப்பச் சுண்டு சுண்டாக் குறைக்க நீங்க கடல்தண்ணியவே குடுத்திருக்கீங்களே ராத்தா!"

பெரிய மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னபடி நின்றேன். திரும்பியபோது அவர் முகம் பழையபடி இருந்தது. நேராக அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "நீங்க ஏதாவது சொல்லோணுமா மகள்?"

பர்சானா என்று அவளை வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருசனைப் பார்க்காமல் சொன்னாள்: "தேத்தண்ணியில நான்தான் கலந்த."

முனாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வெட்கமா, என்ன முகம் அது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எத்தின நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க விழுங்கிறல்ல எண்டு நினைச்சன்."

பெரிய மிஸ் பேனாவைத் திறந்தார். "இண்டையில இருந்து இவருக்கு எந்தக் கையாலயும் குளிசை இல்ல. உம்மாட கையும் இல்ல, உங்கட கையும் இல்ல. கருவாடும் இல்ல. இரத்தம் சரிக்கு வந்தா ஊசி தேவைப்படாது. பிறகு ஆகச் சின்ன அளவில திரும்பத் தொடங்குவம்."

"நிப்பாட்டினா வாப்பா மாதிரி..." என்றாள் பர்சானா.

"வாப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியா மகள். நிப்பாட்டினவர் திரும்பப் பாத்தாரா எண்டும் தெரியா. நான் பாப்பன். பாக்காட்டி நீங்க இப்ப உங்கட உம்மா வந்த மாதிரி வாங்க."

வெளியே வாங்குப் பலகையில் போய் இருந்து, இனிக் குளிசை யார் வீட்டில் வைப்பது என்று இரண்டு தாய்மாரும் தொடங்கிவிட்டார்கள். மருமகன் எங்கட ஊட்டு ஆள் என்று ஒருவர். பெத்தவள் நான் என்று ஒருவர். முனாஸ் இருவருக்கும் நடுவில், சந்தையில் விலை பேசப்படுகிற மாடு மாதிரி, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிறசர் ஏறியது. கழிவு இறங்கியது, முழுவதும் பழைய இடத்துக்குப் போகவில்லை, ஆனால் பெரிய மிஸ் ஊசிக்கு அனுப்பும் கதையை விட்டுவிட்டார். புரதமும் சொல்லிவைத்த மாதிரித் திரும்பக் கூடியது. வாழ்க்கையில் ஒருவருடைய சலத்தில் புரதம் கூடியதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். பாடம் சரி என்று ஆயிற்றே. பின்னர் சின்ன அளவில் மருந்து தொடங்கி, இரத்தம் எடுத்து, கூட்டி, மறுபடி இரத்தம் எடுத்து, மெதுவாகக் கொண்டுவந்தார்கள். புரதம் இறங்கியது. குளிசையாலா, கருவாடு நின்றதாலா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "இரண்டாலயும் இருக்கும்," என்றார். எதனால் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். பேனா மூடி அவர் கையில் இருந்ததால் விட்டுவிட்டேன். முனாஸ் சவூதிக்குப் போகவில்லை. மச்சானின் கடையிலேயே நின்றுவிட்டார்.

திரும்ப மருந்து தொடங்கிய அன்று, உம்மா வரவில்லை, மாமியும் வரவில்லை. முனாஸ் தானே துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். பக்கத்தில் பர்சானா. எழுதி, வெட்டி, பக்கெட்டில் போட்டு, "காலையில ஒண்டு. ஒண்டுதான்," என்று இருவருக்கும் கேட்க இரண்டு முறை சொன்னேன்.

முனாஸ் பக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார்.

"இங்கயே எடுங்க," என்றாள் பர்சானா.

"ஊட்ட போய் எடுக்கிறனே."

"இங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஒருவர், "தம்பி, வழிய விடுங்க, பஸ் போயிடும்," என்றார். முனாஸ் காதுவரை சிவந்து, பக்கத்துக் குழாயில் கையேந்தித் தண்ணீர் பிடித்து, குளிசையை நாக்கில் வைத்து விழுங்கினார். திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"வாயத் திறங்க."

அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதர் வாயைத் திறந்தார். அவள் கால் பெருவிரல் நுனியில் எழும்பி, நாக்குக்குக் கீழே, கன்னத்துப் பக்கம் எல்லாம் ஆற அமரப் பார்த்தாள். பிறகு முக்காட்டின் நுனியால் அவருடைய தாடியில் இருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டாள்.